கிரஷர் வாசலில் எக்ஸ்ரே வண்டி

பதினோரு மணி ஆவதற்குள் ஜெனரேட்டர் மூன்று முறை நின்றுவிட்டது.

ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று சத்தம் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும், பிறகு யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி அடங்கிவிடும். வண்டிக்குள் விளக்கு செத்துவிடும். சட்டையைக் கழற்றிவிட்டுத் தகட்டில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான். எக்ஸ்ரே எடுக்கும் இராமச்சந்திரன் சார் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கூரையைப் பார்ப்பார்.

காந்திமதி வண்டியின் பின்பக்க இரும்புக் கதவைத் திறந்து, அதன் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதினாள். இருபத்து நாலு. அதற்குக் கீழே பத்தொன்பது. இப்போது பதின்மூன்று. ஜெனரேட்டர் ஓடிய நிமிஷக் கணக்கு அது.

“இன்னாத்துக்கும்மா இத்த எய்திக்கினு கீற?” என்றார் டிரைவர் நாகப்பன். “சாவப்போற இஞ்சினுக்கு ஜாதகமா?”

“சாவாதுண்ணா. இன்னான்னு பாக்கலாம்.”

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆடி மாதம். வடக்குப்பட்டுக்கு அப்பால் ஒரு கல்குவாரி, அதை ஒட்டி ஒரு கிரஷர். மலையை உடைத்து ஜல்லியாக்கி மெட்ராசுக்கு லாரி லாரியாக அனுப்பும் இடம். ஆடிக் காற்று வேறு. கல்மாவு பனி மாதிரி இறங்கி வேப்ப மரத்தையும் மாட்டையும் மனுஷரையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. அந்த வாசலுக்குள்ளேதான் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே வண்டி நின்றது. பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு எக்ஸ்ரே மிஷின், படம் கழுவ ஓர் இருட்டறை, இரண்டு பேர் படுக்கப் பலகை எல்லாம் வைத்துச் செய்த வண்டி. அதற்கு மின்சாரம் கொடுக்கப் பின்னால் ஒரு கூண்டுக்குள் டீசல் ஜெனரேட்டர். அது ஓடினால்தான் வண்டிக்கு வேலை.

அங்கே வந்து நிற்பதற்கே நாலு மாதம் பிடித்தது. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி நெஞ்சு டாக்டர் மேலிடத்துக்கு எழுதி, மேலிடம் முதலாளிக்கு எழுதி, கடைசியில் “ஒரே ஒரு நாள்” என்று கடிதம் வந்தது. அந்த ஒரு நாளில் பாதிக் காலை போய்விட்டது. எடுத்தது ஆறு படம்.

காந்திமதிக்கு அன்றைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘துப்புரவு உதவியாளர்’ என்று இருக்கும். வண்டியில் அவள் செய்தது வேறு. வரிசையை ஒழுங்குபடுத்துவாள், பெயர் எழுதுவாள், படம் கழுவுவாள், காய வைப்பாள், ஜெனரேட்டர் பார்ப்பாள். அந்த இஞ்சினுக்குக் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். டிரைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கைப்பிடி எகிறி ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு எவரும் தொடவில்லை. ஒருநாள் அவளே போய்ச் சுற்றினாள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அது அவள் வேலை.

கல் அவளுக்குப் புதிதில்லை. மணிமங்கலத்தில் பிறந்து, வடக்குப்பட்டில் எல்லப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, இதே குவாரியில் ஆறு வருஷம் கூடை சுமந்தவள். எல்லப்பன் பாறையில் துளை போடும் மிஷின் பிடித்தவன். முப்பது வயதில் இருமல் வந்தது. டிபி என்றார்கள். ஒன்றரை வருஷம் ஊசி, மாத்திரை. இருமல் குறையவில்லை. “டிபிக்காரனுக்கு இங்க வேலை கிடையாது” என்று கிரஷரில் கணக்கை முடித்து அனுப்பினார்கள். அப்புறம்தான் இந்த ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு நுரையீரலிலும் நொய்யரிசியைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

“இது டிபி இல்லம்மா. கல்லு. உள்ள போன மாவு அப்படியே தங்கிடுச்சி.”

“எப்ப வெளிய வரும் டாக்டர்?”

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். எல்லப்பன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்பு வரை நடக்க முடியாது, அவ்வளவுதான். வாய் மட்டும் குறையவில்லை.

மானேஜர் புருஷோத்தமன் ஆபீசிலிருந்து இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு டைரி. இதே ஆள்தான் எல்லப்பன் கணக்கை முடித்தவன். காந்திமதியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

“என்னய்யா, ஓடுதா?” என்று நாகப்பனைக் கேட்டான்.

“பார்த்துக்கினு கீறோம் சார்.”

“நீங்க பார்க்கிறதுக்கு என் ஆளுங்க வேலையை விட்டுட்டு நிக்க முடியாது. இனிமே காலையில ஒருத்தனையும் அனுப்ப மாட்டேன். பன்னிரண்டரைக்குச் சோத்து பெல். ஒரு மணிக்கு வேலை. அந்த அரை மணியில என்ன முடியுதோ எடுத்துக்கோங்க. அப்புறம் கிளம்பிடணும்.”

“கடுதாசில நாள் பூரான்னு போட்டிருக்கே சார்” என்றாள் காந்திமதி.

“மிஷினே ஓடலை, உனக்கு நாள் பூரா எதுக்கு?” அவன் சிரித்தான். “கரண்ட் வேணும்னா கேட்டிருக்கலாம். ஆனா எங்க லைன்ல லோடு தாங்காது.”

நாற்பது குதிரைசக்தி மோட்டாரை ஓட்டும் லைன் ஒரு எக்ஸ்ரே மிஷினைத் தாங்காதாம். காந்திமதி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“பன்னெண்டரைக்கு ஓடும்” என்றாள்.

அவன் போனதும் இராமச்சந்திரன் சார் மெதுவாக, “நாம திரும்பிடலாம் காந்திமதி. வொர்க்‌ஷாப்ல குடுத்து சரி பண்ணிட்டு இன்னொரு நாள் வரலாம்” என்றார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த மனிதர். யாரோடும் மோதிப் பழக்கமில்லை.

“இன்னொரு நாளு இவன் கேட்ட தொறப்பானா சார்?”

அவர் வண்டிக்குள் ஏறிக்கொண்டார்.

நாகப்பனும் அவளும் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டீசல் பில்டரைக் கழற்றினார்கள். கொஞ்சம் அழுக்கு இருந்தது, கழுவி மாட்டினார்கள். டீசலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். பாட்டில் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆயில் அளவு சரியாக இருந்தது. கூண்டுக்குள் சூடு அதிகமாகி நிற்கிறதோ என்று கதவை முழுக்கத் திறந்து கட்டினார்கள். பம்புக்கு மேலிருக்கும் நட்டைத் தளர்த்திக் காற்றெடுத்தார்கள்; முதலில் குமிழியும் நுரையுமாக வந்து, பிறகு டீசல் சுத்தமாக வழிந்தது.

“டீசல் கொறைஞ்சா காத்தை இழுக்குது, அதான்” என்றார் நாகப்பன். நின்ற ஒவ்வொரு முறையும் அவர் முதலில் செய்தது இதுதான்: தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார், கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார், மூடுவார். இப்போது விளிம்பு வரை ஊற்றி மூடினார்.

காந்திமதி சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தாள். இருபத்து நாலு, பத்தொன்பது, பதின்மூன்று.

“அண்ணா, நீ ஊத்த ஊத்த இது சீக்கிரமா நிக்குது.”

“அது இன்னா பேச்சு? சோறு போடப் போட எவனாவது பட்டினி கெடப்பானா?”

“தெரியல. ஆனா அப்டித்தான் கீது.”

அதற்கு மேல் அவளுக்கும் விளங்கவில்லை. கிரஷர் இரைச்சலில் நினைப்பே ஓடாது. கல் விழுந்து நொறுங்கும் சத்தம் காதுக்குள் புகுந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் நிற்பவன் பேசினால் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆறு வருஷம் அப்படிப் பேசியவள் அவள்.

பன்னிரண்டரைக்கு பெல் அடித்தது. கிரஷரை நிறுத்தினார்கள். சத்தம் செத்த வேகத்தில் காது விண்ணென்றது.

சோற்றுத் தூக்கை ஒரு ஓரமாக வைத்துவிட்டு ஜனங்கள் வண்டிக்கு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சுந்தராம்பாள். ஐம்பது வயதுக்காரி, கூடை சுமக்கும் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி. காந்திமதியை அவளுக்கு நன்றாகத் தெரியும். இருவரும் ஒரே வரிசையில் கல் சுமந்தவர்கள்.

“இன்னா காந்தி, ஓடுமா ஓடாதா? வுட்டா போய் நாலு வாய் துன்னுட்டு வருவோம்.”

“நில்லுக்கா. ஓடும்.”

கைப்பிடியைப் போட்டுச் சுற்றினாள். ஓடியது. வரிசை நகர்ந்தது. சட்டையைக் கழற்று, நெஞ்சை ஒட்டு, மூச்சை இழு, பிடி, விடு. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது ஆள் ஒட்டி நின்றபோது சத்தம் ஏறி இறங்கியது.

நின்றது.

ஒன்பது நிமிஷம்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆபீஸ் வாசலில் புருஷோத்தமன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். காந்திமதிக்குக் கண் எரிந்தது. நாகப்பனை முந்திக்கொண்டு ஓடிப்போய்த் தொட்டி மூடியைப் பிடித்துத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ்.

சின்னச் சத்தம். சோடா பாட்டில் திறக்கும்போது வெளியே வரும் சத்தம் இல்லை. எதையோ உள்ளே இழுக்கும் சத்தம். கிரஷர் ஓடியிருந்தால் காதில் விழுந்திருக்கவே விழுந்திருக்காது. காலையிலிருந்து மூன்று முறை திறந்தும் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ரேஷன் கடையில் எண்ணெய் டின்னுக்கு ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். கொஞ்சத்தில் நின்றும் போகும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சரசரவென்று இறங்கும். இந்தத் தொட்டிக்கு அந்த இரண்டாவது ஓட்டை எங்கே?

மூடியைத் திருப்பினாள். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டிய இடம். துளை இல்லை. கசிந்த டீசலும் கல்மாவும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகி அடைத்திருந்தன.

“அண்ணா! காத்து போவல அண்ணா உள்ள!” அவள் கத்தினாள். “இஞ்சினு டீசலைக் குடிச்சிக்கினே கீது, குடிச்ச எடத்துக்குக் காத்து வரணுமில்ல? காத்து பூர்ற வயி அடைஞ்சிக் கீது பாரு. நீ தொட்டியை ரொப்ப ரொப்ப உள்ள காத்துக்கு எடமே இல்ல. கொஞ்சூண்டு காத்து, அதான் சீக்கிரமா நின்னுடுது. நின்னதும் நாம மூடியத் தொறந்து டீசல் கீதான்னு பாக்குறோம். காத்து பூந்துடுது. அது பாட்டுக்கு ஓடுது. நோயும் நாமதான் மூடி வெச்சோம், வைத்தியமும் நாமதான் பண்ணிக்கினு இருந்தோம், தெரியாமலே!”

நாகப்பன் மூடியை வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “அடி ஆத்தி” என்றார்.

துளையைக் குத்திச் சுத்தம் பண்ண அப்போது நேரமில்லை. தொட்டி வாயில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். ஓடியது. பத்து நிமிஷம் ஆயிற்று. ஓடியது. பதினைந்து ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் சாக்பீஸ் எழுத்தைப் பார்ப்பதும் ஜெனரேட்டரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒரு மணிக்குப் பெல் அடித்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

எடுத்தது அதுவரை பதினெட்டுப் படம். ஆட்கள் அறுபதுக்கு மேல்.

புருஷோத்தமன் வந்தான். “பெல் அடிச்சாச்சு. வண்டியை எடுங்க.”

“மிஷினு நல்லா ஓடுது சார்” என்றாள் காந்திமதி. “கடுதாசில நாள் பூரா.”

“கடுதாசியை என்கிட்ட காட்டாதே. இது எங்க இடம். வெளிய போங்கன்னா போகணும்.”

இராமச்சந்திரன் சார் இறங்கி வந்து அவள் தோளருகே நின்று, “போயிடலாம்மா” என்றார்.

“போலாம் சார். வெளியதானே போவணும்? நாகப்பண்ணா, வண்டிய எடு. கேட்டைத் தாண்டி ரோட்டுல நிறுத்து. ரோடு இவங்க ரோடு இல்ல, கவர்மெண்ட் ரோடு. நாள் பூரா அங்க நிப்போம். ராவானாலும் நிப்போம்.”

நாகப்பன் இராமச்சந்திரன் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “பிலிம் கேசட் இன்னும் நிறைய இருக்கு. எடு நாகப்பா” என்றார்.

வண்டி கேட்டைத் தாண்டிச் சாலையோரம் நின்றது. கிரஷர் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. காந்திமதி ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நீட்டி மூடியின் துளையைக் குத்தினாள். சுண்ணாம்புக் கட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு தெறித்து விழுந்தது. வாயால் ஊதினாள். மறுபக்கம் காற்று வந்தது. மூடியைப் போட்டு இறுக்கிக் கைப்பிடியைச் சுற்றினாள். ஜெனரேட்டர் சத்தம் கிரஷர் சத்தத்துக்கு அடியில் தனியாகக் கேட்டது. ஆனால் வரிசை இல்லை. ஆட்கள் உள்ளே, வண்டி வெளியே.

அவள் கேட்டுக்கு அருகே போய் நின்றாள். உள்ளே நுழையவில்லை. சாலையில் நின்றுகொண்டே, கூடையோடு போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கிரஷர் சத்தத்தில் கூப்பிட்டுப் பயனில்லை. வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கல் சுமப்பவர்களுக்கு அந்தப் பாஷை தெரியும்.

சுந்தராம்பாள் பார்த்தாள். கூடை தலையில் இருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு கூடையைத் தரையில் கவிழ்த்தாள்.

“ஏய், எங்க போற?” புருஷோத்தமன் ஓடி வந்தான்.

“படம் புடிக்க.”

“வேலை நேரத்துல போனா ஆஜர் போட மாட்டேன்.”

“போடாத.”

“நாளைக்கும் போட மாட்டேன்.”

“நீ போடுற ஆஜர்ல முப்பது வருசமா இருந்து இன்னாத்த கண்டேன்?” சுந்தராம்பாள் குரலை உயர்த்தவில்லை. “ராவுல மல்லாந்து படுக்க முடியல எனக்கு. ஒக்காந்துக்கினுதான் தூங்குறேன். உள்ள இன்னா கீதுன்னு நான் பாக்கணும். நீ வயிய வுடு.”

அவள் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். அப்புறம் ஆறு பேர். அப்புறம் துளை போடும் ஆட்கள், தலையில் கட்டிய துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே. கிரஷர் வாயில் கல்லைக் கொட்ட ஆளில்லாமல் போயிற்று. கொஞ்ச நேரம் அது வெறும் வாயை மென்றது. பிறகு மோட்டார்க்காரர் தானே சுவிட்சை அணைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். சாலையில் போன லாரிக்காரர்கள் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

மாலை ஐந்தேகாலுக்குக் கடைசிப் படம் எடுத்தார்கள். அறுபத்து மூன்று. ஜெனரேட்டர் அதுவரை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. காந்திமதி இருட்டறைக்கும் கூண்டுக்குமாக ஓடி, படங்களைக் கழுவிக் கொடியில் மாட்டி, மின்விசிறியைத் திருப்பி வைத்துக் காய வைத்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் பெயர் அவள் கையெழுத்தில் இருந்தது. அவள் எழுதக் கற்றதே இந்தப் படங்களில் பெயர் எழுதித்தான்.

விசிறிக் காற்றில் ஆடிய படங்களைப் பார்த்தபடி இராமச்சந்திரன் சார் நின்றார். பலவற்றில் நொய்யரிசி.

அப்போது புருஷோத்தமன் மறுபடி வந்தான். இந்த முறை குரல் சாந்தமாக இருந்தது. “உங்க நிர்வாக அதிகாரிகிட்ட போன்ல பேசிட்டேன். படங்களை எல்லாம் எங்க ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க. நாங்களே டாக்டர்கிட்ட காட்டிக்கிறோம். அவர் சரின்னுட்டார்.”

இராமச்சந்திரன் சாரின் கை கொடியை நோக்கிப் போனது. அதிகாரி சொன்னால் அவர் என்ன செய்வார்!

காந்திமதி குறுக்கே நின்றாள். “எங்க ஆபீசரு சொன்னா எங்ககிட்ட சொல்லட்டும் சார். உங்ககிட்ட சொன்னது உங்களோட.” பிறகு வண்டிப் படியில் ஏறி நின்று, கொடியிலிருந்து முதல் படத்தை எடுத்துப் பெயரைப் படித்தாள். “சுந்தராம்பாள்!”

சுந்தராம்பாள் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“எல்லாரும் கேளுங்க. இது உங்க நெஞ்சு. உங்க கையிலதான் இருக்கணும். மடிக்காதீங்க, வெயில்ல போடாதீங்க. வியாயக்கியமை ஆஸ்பத்திரில பெரிய டாக்டர் ஒக்காருவாரு. நீங்களே எட்த்துக்கினு வந்து காட்டுங்க. வேற எவன் கேட்டாலும் குடுக்காதீங்க.”

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். புருஷோத்தமன் கடைசிப் பெயர் வரை நின்று பார்த்துவிட்டுப் போனான்.

இதற்கெல்லாம் பலன் இல்லாமல் போகுமா? மறுநாளே மெமோ வந்தது. நிர்வாக அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, “ஆஸ்பத்திரி பிலிமை வெளியாளுங்களுக்குக் கொடுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?” என்று கேட்டார்.

“பிலிமு ஆஸ்பத்திரிது சார். அதுல கீற நெஞ்சு அவங்களுது.”

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. விட்டுடறேன்.”

அவள் எழுதிக் கொடுத்தாள். ‘நான் செய்தது சரி. மறுபடியும் செய்வேன். இப்படிக்கு, காந்திமதி.’ அவரால் அதைப் பைலிலும் வைக்க முடியவில்லை, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. அவளை வண்டியிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்.

அன்று சாயங்காலம் எல்லப்பனிடம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தித்தான் அவனால் பேச முடியும்.

“துணி தொவைக்கிற எடமா?... நல்ல எடம்தான்மே... அங்க தூசி கெடயாது.”

“சிரிக்காதய்யா.”

“சிரிக்காம?... அந்தப் புருசோத்தமன் மூஞ்சி... எப்டி இருந்திச்சி, அத்தச் சொல்லு.”

அவள் எழுந்து நின்று, கைகளைக் கட்டி, கன்னத்தை உப்பிக் காட்டினாள். எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. கண்ணில் தண்ணீரோடு, “இன்னொரு தபா காட்டு” என்றான்.

வியாழக்கிழமை நாற்பத்தொரு பேர் வந்தார்கள். பஸ்ஸில், லாரியில், ஐந்தாறு பேர் நடந்தே. கையில் படத்தைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தார்கள். நெஞ்சு டாக்டர் சாயங்காலம் வரை பார்த்தார். பத்தொன்பது பேருக்குக் கல். அதில் எட்டுப் பேர் டிபி மாத்திரை தின்றுகொண்டிருந்தவர்கள். சுந்தராம்பாளுக்கும் இருந்தது. டாக்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சான்று எழுதிக் கொடுத்தார். பத்தொன்பது பேரும் சேர்ந்து மனு போட்டார்கள். மனு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று சுற்றியது. சுந்தராம்பாளையும் மோட்டார்க்காரரையும் கிரஷர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலை விற்க உட்கார்ந்தாள். இந்தக் கதையில் கல்லை எவரும் நெஞ்சிலிருந்து எடுத்துப் போட்டுவிடவில்லை. ஆனால் கிரஷரில் தண்ணீர் தெளிக்கும் குழாய் போட்டார்கள். மேலிடத்திலிருந்து ஆள் வரும் நாளில் மட்டும்தான் அது திறந்திருக்கும் என்று சொல்வார்கள்.

காந்திமதி மூன்று மாதம் துணி வெளுத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. தலை குனியவும் இல்லை. நிர்வாக அதிகாரி கொட்டகைப் பக்கம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து வணக்கம் சொல்லுவாள். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் அவர் வேறு வழியாகப் போக ஆரம்பித்தார். கடைசியில் நெஞ்சு டாக்டர்தான் போய்ச் சொன்னார்: “அவ இல்லாம போற வண்டியில எடுக்கிற படத்தை நான் பார்க்க மாட்டேன். வேற டாக்டரைப் பாருங்க.” கார்த்திகையில் காந்திமதி மறுபடி வண்டி ஏறினாள். பதவிப் பெயர் மாறவில்லை.

முதலில் போனது மணிமங்கலம் பக்கத்துக் கிரஷர் ஒன்றுக்கு. புருஷோத்தமன் போன் அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஒரு காவல்காரர். “பர்மிஷன் கேன்சல்” என்றார், நாற்காலியை விட்டு எழாமலே. உள்ளே வேலை செய்தவர்கள் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. அவர்களுக்கு இந்த வண்டி என்னவென்றே தெரியாது. ஊசி போட வந்திருக்கிறார்கள், ஆபரேஷன் பண்ண வந்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள்.

“இப்ப இன்னா பண்றது?” என்றார் நாகப்பன்.

“ரோட்டுல நிறுத்துண்ணா. கேட்டுக்கு நேரா.”

தாம்பரம் பஸ் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து சுந்தராம்பாள் இறங்கினாள். காந்திமதி வரச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் கடலை விற்கிறவளுக்கு எந்த வண்டி எங்கே போகிறது என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இரண்டு எட்டு நடந்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இரண்டு எட்டு. கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து துணிச் சுருளை எடுத்துப் பிரித்தாள்.

“ஏய், கெழவி, நவுரு” என்றார் காவல்காரர்.

சுந்தராம்பாள் நகரவில்லை. தன் படத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல், காலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“இது நானு” என்றாள், உள்ளே நின்றவர்களைப் பார்த்து. “முப்பது வருசம் கல்லு தூக்கினேன். வந்து பாருங்க, உள்ள இன்னா சேத்து வெச்சிக் கீறேன்னு. வெள்ளையா தெரியுது பாரு, அதான். உங்களுக்கும் கீதா இல்லையான்னு தெரிஞ்சிக்கணுமா, வாணாமா?”

படம் ஒரு பக்கம் சாய்ந்தது. காந்திமதி ஓடிப்போய் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, காவல்காரரைப் பார்த்தும் பாராமலும், கம்பிக்கு அருகே வந்து முகத்தை ஒட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்தப் பக்கம் நெஞ்சு?” என்று கேட்டாள்.